காருக்குக் கறுப்புக் கண்ணாடி தேவையா?

மாசி மாதம். மண்டைக்காடு பகவதி அம்மன் கோவிலில் கொடை விழா.

கடல் ஓரத்தில் உள்ள இந்தக் கோவிலுக்குக் கேரளத்தில் இருந்து பெண்கள் இருமுடி கட்டி வருகிறார்கள். "பெண்களின் சபரிமலை" என்றே இதற்குப் பெயர். பஸ்சிலும் வேனிலும் காரிலும் வந்து இறங்குகிறார்கள். கடலில் கால் நனைத்துவிட்டு அம்மனைக் கும்பிடப் போகிறார்கள்.

வெயிலோ சுட்டு எரிக்கிறது. வரிசையாக நிற்கும் கார்கள் அடுப்பில் வைத்த சட்டி போல் காய்கின்றன.

உள்ளூர்க் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு குழந்தைகள். கோவிலுக்குப் போய்விட்டுக் காருக்குத் திரும்புகிறார்கள். கதவைத் திறந்ததும் அனல் அடிக்கிறது. பக்கத்தில் கேரள எண் கொண்ட ஒரு கார். அதன் கண்ணாடியில் "கூலிங் பிலிம்" ஒட்டி இருக்கிறது.

"அப்பா, அவர்கள் காரில் ஒட்டி இருக்கிறார்களே! நம்முடைய காரில் மட்டும் ஏன் ஒட்டக் கூடாது?" என்று பையன் கேட்கிறான்.

அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. "போலீஸ் பிடிக்கும்" என்று மட்டும் சொல்கிறார்.

"அப்படியானால் அவர்களைப் பிடிக்க மாட்டார்களா?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல இரண்டு கோர்ட்டுத் தீர்ப்புகளைப் பார்க்க வேண்டும்.

சுப்ரீம் கோர்ட்டு என்ன சொன்னது?

மோட்டார் வாகனங்களுக்கு 1989-ம் ஆண்டில் மத்திய அரசாங்கம் விதிகளை வகுத்தது. அதில் 100-வது விதி, கண்ணாடியைப் பற்றியது.

காரின் முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும், வெளியில் இருந்து வரும் வெளிச்சத்தில் 100-க்கு 70 பங்கையாவது உள்ளே விட வேண்டும். பக்கத்துக் கண்ணாடிகள் 100-க்கு 50 பங்கையாவது உள்ளே விட வேண்டும். இதுதான் விதி.

ஆனால் விதியை யாரும் சட்டை செய்யவில்லை. கரி பூசியது போல் கறுப்பு பிலிம் ஒட்டிய கார்கள் எல்லா ஊர்களிலும் ஓடின. உள்ளே இருப்பது யார், என்ன நடக்கிறது என்று வெளியில் தெரியாது. குற்றம் செய்கிறவர்களுக்கு இது வசதியாகப் போய்விட்டது.

அபிஷேக் கோயங்கா என்பவர் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். 2012-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி எஸ்.எச்.கபாடியா, நீதிபதிகள் ஏ.கே.பட்நாயக், சுவதந்தர் குமார் ஆகியோர் விசாரித்த வழக்கு அது.

"எத்தனை பங்கு வெளிச்சம் விடும் பிலிமாக இருந்தாலும் சரி, கண்ணாடி மேல் ஒட்டக் கூடாது. வேறு எந்தப் பொருளையும் ஒட்டக் கூடாது" என்பதே தீர்ப்பின் சாரம். அந்த ஆண்டு மே 4-ந் தேதி முதல் நாடு முழுவதும் இந்தத் தடை அமுலுக்கு வந்தது. "இசட்", "இசட் பிளஸ்" பாதுகாப்பு பெற்ற பிரமுகர்களின் கார்களுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது.

தொழிற்சாலையிலேயே நிறம் கலந்து செய்த கண்ணாடிக்குத் தடை இல்லை. ஆனால் அதுவும் 70, 50 என்ற அளவுக்குக் குறையக் கூடாது.

அதே ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி டெல்லியில் ஓடும் பஸ்சில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையை நாடு மறக்கவில்லை. அந்தப் பஸ்சின் ஜன்னல்களில் கறுப்புப் பிலிமும் திரையும் இருந்தன. உத்தரவு வந்து ஏழு மாதம் ஆகியும், தலைநகரின் சாலைகளில் அந்தப் பஸ் தடை இல்லாமல் ஓடியது. சட்டம் ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கேரள ஐகோர்ட்டு என்ன சொன்னது?

எட்டு ஆண்டுகள் கழிந்தன. 2020-ம் ஆண்டில் 100-வது விதியை மத்திய அரசாங்கம் திருத்தியது. 2021-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் திருத்தம் அமுலுக்கு வந்தது.

பழைய விதியில் "பாதுகாப்புக் கண்ணாடி" என்று மட்டும் இருந்தது. புதிய விதியில் உட்புறம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடிக்கும் இடம் கிடைத்தது.

இதை வைத்துக் கேரளத்தில் வழக்கு எழுந்தது. பிலிம் தயாரிக்கும் கம்பெனி, அபராதம் கட்டச் சொல்லப்பட்ட கார் சொந்தக்காரர், பிலிம் ஒட்டும் நிறுவனம் ஆகியோர் ஐகோர்ட்டுக்குப் போனார்கள்.

2024-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நீதிபதி என்.நகரேஷ் தீர்ப்பு கூறினார். "விதி மாறிவிட்டது. முன், பின் கண்ணாடிகளில் 70 பங்கும், பக்கக் கண்ணாடிகளில் 50 பங்கும் வெளிச்சம் வந்தால் போதும். அந்த அளவுக்கு உட்பட்டுப் பிலிம் ஒட்டலாம். அதற்கு அபராதம் போடக் கூடாது" என்பது தீர்ப்பின் கருத்து.

"கார் தயாரிக்கும் கம்பெனி ஒட்டலாம், சொந்தக்காரர் ஒட்டக் கூடாது" என்ற வாதத்தையும் நீதிபதி ஏற்கவில்லை.

எல்லையில் நிற்கும் குழப்பம்

மண்டைக்காட்டில் இருந்து களியக்காவிளை எல்லைக்குக் காரில் போக அதிக நேரம் ஆகாது. ஆஸ்பத்திரிக்கும், கல்யாணத்துக்கும், விமான நிலையத்துக்கும் குமரி மாவட்டத்து மக்கள் திருவனந்தபுரம் போய் வருகிறார்கள். அங்கே இருப்பவர்கள் கோவிலுக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் இங்கே வருகிறார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம், அளவுக்கு உட்பட்ட பிலிமுக்கு ஐகோர்ட்டுத் தீர்ப்பு துணை நிற்கிறது. இந்தப் பக்கம் என்ன?

ஒரு மாநில ஐகோர்ட்டின் தீர்ப்பு மற்ற மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது. வக்கீல்கள் அதை எடுத்துக் காட்டி வாதாடலாம். அவ்வளவுதான். சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்போ நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும்.

எனவே, தமிழ்நாட்டில் போலீசார் நிறுத்தி, "சுப்ரீம் கோர்ட்டு தடை இருக்கிறதே!" என்று கேட்டால், கேரளத் தீர்ப்பைக் காட்டித் தப்பிவிடலாம் என்று நம்ப முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-வது பிரிவில் முதல் முறைக்கு 100 ரூபாய் வரை இருந்த அபராதம் 2019-ம் ஆண்டுத் திருத்தத்தில் 500 ரூபாய் ஆயிற்று. மறுமுறைக்கு 300 ரூபாய் என்பது 1,500 ரூபாய் ஆயிற்று. அபராதத்தோடு பிலிமையும் அகற்ற வேண்டும் என்பது சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவு. ஆயிரக்கணக்கில் செலவு செய்து ஒட்டிய பிலிமை நடுரோட்டில் கிழித்து எடுத்தால் யாருக்கு நஷ்டம்?

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு கோர்ட்டுகளும் பிலிமைப் பற்றித்தான் மாறுபடுகின்றன. 70, 50 என்ற அளவைப் பற்றி மாறுபடவில்லை. கன்னங்கரேல் என்று ஒட்டிக்கொள்ளக் கேரளத் தீர்ப்பும் அனுமதி கொடுக்கவில்லை.

கறுப்பு என்றால் குளிர்ச்சியா?

"கறுப்பாக இருந்தால்தான் கார் குளிர்ச்சியாக இருக்கும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மை அல்ல.

சூரியனில் இருந்து வரும் உஷ்ணத்தில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத கதிர்களில் வருகிறது. இவற்றை அகச்சிவப்புக் கதிர்கள் என்பார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் நின்றால் முகத்தில் அடிக்கிறதே ஓர் அனல், அது இந்த வகைதான். கண்ணுக்குத் தெரியாத கதிரைத் தடுக்க, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை மறைப்பானேன்?

மலிவான கறுப்பு பிலிமில் சாயம்தான் இருக்கும். அது வெயிலை உறிஞ்சித் தானும் சூடாகிறது. அந்தச் சூட்டில் ஒரு பகுதி காருக்குள்ளேயே இறங்குகிறது. சில ஆண்டுகளில் சாயம் வெளுத்து ஊதா நிறம் ஆகிவிடும்.

"செராமிக்" என்னும் பிலிம் வேறு வகை. பார்த்தால் ஏறக்குறைய வெறும் கண்ணாடி போலவே இருக்கும். ஆனால் அகச்சிவப்புக் கதிர்களில் பெரும் பகுதியைத் தடுக்கும். விலை அதிகம்.

உலோகப் பூச்சு உள்ள பிலிமும் உண்டு. அது உஷ்ணத்தைத் திருப்பி அனுப்பும். ஆனால் செல்போன் அலையையும், சுங்கச் சாவடியில் "பாஸ்டாக்" வில்லையை வாசிக்கும் அலையையும் சேர்த்தே தடுக்கக் கூடும்.

தோலைக் கறுக்க வைக்கும் புற ஊதாக் கதிர் மற்றொரு கவலை. முன் கண்ணாடி, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு படலம் வைத்துச் செய்தது. அதனால் அது இந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி அவ்வளவு தடுக்காது. இதற்கும் கறுப்புத் தேவை இல்லை. நிறமே இல்லாத பிலிம்கூட இந்தக் கதிரைத் தடுக்கும்.

கடைக்காரர் சொல்லாத கணக்கு

பிலிம் வாங்கப் போகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

"இது 70 பிலிம், அண்ணாச்சி. சட்டப்படி சரிதான்" என்று கடையில் சொல்வார்கள். பிலிம் மட்டும் 70. அதை ஒட்டப் போகும் கண்ணாடி? அதுவே வெளிச்சத்தில் கொஞ்சத்தைக் குறைத்துவிடுகிறதே!

காரில் உள்ள கண்ணாடி 100-க்கு 75 பங்கு வெளிச்சம் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 70 பிலிமை ஒட்டினால், 75 பங்கில் 100-க்கு 70-தான் உள்ளே வரும். அதாவது ஐம்பத்திரண்டரை பங்கு.

பக்கக் கண்ணாடிக்கு அளவு 50. தப்பிவிடும். முன் கண்ணாடிக்கு அளவு 70. தப்பாது! அதே கண்ணாடியில் "50 பிலிம்" ஒட்டினால் முப்பத்தேழரை பங்குதான் வரும். பக்கக் கண்ணாடியும் தப்பாது.

முன் கண்ணாடி 75 பங்கு விடுகிறது என்றால், அதில் ஒட்டும் பிலிம் 94 பங்காவது வெளிச்சம் விட வேண்டும். அதாவது, ஒட்டி இருப்பதே தெரியக் கூடாது.

ஆகவே, "பிலிம் எத்தனை?" என்று கேட்டால் போதாது. "கண்ணாடியும் பிலிமும் சேர்ந்து எத்தனை?" என்று கேட்க வேண்டும். வெளிச்சம் அளக்கும் சிறு கருவி ஒன்று உண்டு. அதை வைத்து அளந்து காட்டாத கடையில் வாங்காமல் இருப்பதே நல்லது.

இன்னொரு வித்தையும் நடக்கும். சிவப்பு விளக்கு ஒன்றைப் போட்டு, பிலிமுக்குப் பின்னால் கையை வைக்கச் சொல்வார்கள். கையில் சூடே தெரியாது. அந்த விளக்கில் வருவது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர். சூரியனில் வருவது பாதிதான். எனவே விளக்கில் தெரியும் அதிசயம் வெயிலில் அப்படியே தெரியாது. "மொத்தச் சூரிய உஷ்ணத்தில் எத்தனை பங்கைத் தடுக்கும்?" என்ற எண்ணைக் கேட்க வேண்டும்.

இரவில் யார் கண்ணுக்குத் தெரிவார்கள்?

பகலில் வெளிச்சம் தாராளமாக இருக்கிறது. பாதியைக் குறைத்தாலும் கண் சமாளித்துக்கொள்ளும். இரவில்?

கடற்கரை ஊர்களில் விடியும் முன்பே மீன்பிடிக்கப் போகிறவர்கள் நடப்பார்கள். மீன் விற்கும் பெண்கள் கூடையோடு பஸ்சுக்கு நிற்பார்கள். கொடை நாட்களில் இரவெல்லாம் பெண்களும் குழந்தைகளும் சாலை ஓரம் நடப்பார்கள். எல்லா இடத்திலும் விளக்கு இல்லை.

டிரைவர் வெளியே இருக்கும் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்துத்தான் காரைத் திருப்புகிறார். அதைக் கதவுக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கதவுக் கண்ணாடி கறுப்பாக இருந்தால், பின்னால் விளக்கு இல்லாமல் வரும் சைக்கிள்காரர் தெரிவாரா? வயது ஏற ஏறக் கண்ணுக்குள் போகும் வெளிச்சமும் குறைகிறது. அறுபது வயது டிரைவருக்கு இது இன்னும் கஷ்டம்.

சாலையைக் கடக்கிறவர் என்ன செய்கிறார்? டிரைவரின் முகத்தைப் பார்க்கிறார். "அவர் என்னைப் பார்த்துவிட்டார், நிறுத்துவார்" என்று தெரிந்துகொண்டு காலை வைக்கிறார். கண்ணாடி கறுப்பாக இருந்தால் அந்த முகம் தெரியாது.

கார் வைத்திருப்பவருக்கு வேண்டியது நிழல். நடந்து போகிறவருக்கு வேண்டியது உயிர். 70, 50 என்ற எண்கள் இந்த இரண்டுக்கும் நடுவே போட்ட கோடு.

குழந்தையைக் காரில் விடலாமா?

"பிலிம் ஒட்டி இருக்கிறதே, குழந்தை ஐந்து நிமிடம் உள்ளே தூங்கட்டும்" என்று யாரும் நினைக்கக் கூடாது.

அமெரிக்காவில் 2005-ம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியில் மூடிய காரின் உஷ்ணத்தை அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் பெரும் பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைத்ததால் பெரிய பயன் இல்லை.

எந்த பிலிமும் இந்த ஆபத்தை நீக்காது. கறுப்பு பிலிமோ ஆபத்தைக் கூட்டுகிறது. உள்ளே ஒரு குழந்தை தவிப்பது வெளியே போகிறவர்களுக்குத் தெரியாதே!

மற்ற நாடுகளில் என்ன விதி?

நம் சொந்தக்காரர்கள் பலர் வாழும் சிங்கப்பூரில் முன் கண்ணாடிக்கும் டிரைவர் வரிசைக் கண்ணாடிக்கும் அளவு 70. பின் இருக்கைக் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் 25 போதும். மலேசியாவில் 2019-ம் ஆண்டு கொண்டுவந்த விதியில் முன் கண்ணாடிக்கு 70, முன் பக்கக் கண்ணாடிக்கு 50 என்று வைத்தார்கள். பின்பகுதிக்கு அளவே இல்லை. வெயில் குறைந்த பிரிட்டனில் முன் கண்ணாடிக்கு 75, முன் பக்கக் கண்ணாடிக்கு 70.

ஊருக்கு ஊர் விதி வேறு. ஆனாலும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை இருக்கிறது. டிரைவரின் பார்வையை மறைக்க இந்த நாடுகள் இடம் தரவில்லை.

என்ன செய்யலாம்?

புதுக் கார் வாங்குகிறவர்கள், உஷ்ணத்தைக் குறைக்கும் பச்சை நிறக் கண்ணாடி தொழிற்சாலையிலேயே பொருத்தி வருகிறதா என்று கேட்டு வாங்கலாம். அதற்கு எந்தக் கோர்ட்டும் தடை சொல்லவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கவலை இல்லை.

பழைய கார் வைத்திருப்பவர்கள் காசு இல்லாத வழிகளை முதலில் பார்க்கலாம். நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு உள்ளே அட்டை மறைப்பை வைக்கலாம். கிளம்பும்போது எடுத்துவிட வேண்டும். நிழலில் நிறுத்தலாம். நிழல் என்று தென்னை மரத்தடிக்கு மட்டும் போகக் கூடாது! தேங்காய் விழுந்தால் கண்ணாடியே இருக்காது.

ஏறுவதற்கு முன் எல்லாக் கதவுகளையும் ஒரு நிமிடம் திறந்து வைத்தால் அனல் காற்று வெளியேறிவிடும். பிறகு ஏ.சி. போட்டால் சீக்கிரம் குளிரும்.

அப்படியும் பிலிம் வேண்டும் என்றால், தமிழ்நாட்டில் அபராதத்துக்கு இடம் உண்டு என்று தெரிந்துதான் ஒட்ட வேண்டும். முன் கண்ணாடியையும் டிரைவர் பக்கத்தையும் தொடாமல் விடுவது நல்லது. நிறம் இல்லாத நல்ல பிலிமாகப் பார்த்து, ஒட்டிய பின் அளந்து, ரசீதும் அளவும் எழுதி வாங்கிக் காரில் வைத்துக்கொள்ளலாம்.

அரசாங்கம் செய்ய வேண்டியதும் உண்டு. 2012-ம் ஆண்டுத் தீர்ப்பு பழைய விதியை வைத்து எழுந்தது. 2021-ம் ஆண்டில் விதி மாறியது. மாறிய விதிக்கு எல்லா மாநிலங்களிலும் ஒரே பொருள் என்று ஆக வேண்டும். களியக்காவிளையைத் தாண்டினால் குற்றம், தாண்டாவிட்டால் குற்றம் இல்லை என்ற நிலை யாருக்கும் நல்லது அல்ல.

சோதனைக்கு நிற்கும் போலீசார் கையில் வெளிச்சம் அளக்கும் கருவியும் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து அபராதம் போட்டால், நிறமே இல்லாத பிலிம் ஒட்டியவரும் கரி போல் ஒட்டியவரும் ஒரே குற்றவாளி ஆகிவிடுகிறார்கள். செல்வாக்கு உள்ளவர் தப்புவார். சாதாரணக் குடும்பம் மாட்டிக்கொள்ளும். கருவிக்கு ஆள் முகம் தெரியாது.

பையனின் கேள்விக்கு இப்போது அப்பா பதில் சொல்லலாம்.

"மக்களே, அவர்கள் ஊரில் அளவோடு ஒட்டலாம் என்று கோர்ட்டு சொல்லி இருக்கிறது. நம் ஊருக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் வரவில்லை. வந்தாலும் நமக்குக் கறுப்பு வேண்டாம். இருட்டில் நடந்து வருகிற பாட்டியை நாம் பார்க்க வேண்டும். பாட்டியும் நம்மைப் பார்க்க வேண்டும்."